கேட்காமல் விடப்படும் கேள்வி: குழந்தைகளின் வெளிநோயாளர் சிகிச்சையில் குடும்ப வரலாறு

ஒரு குழந்தையின் பெற்றோர், உடன்பிறந்தோர், தாய்மாமன், அத்தை, சித்தப்பா, தாத்தா, பாட்டி ஆகியோருக்கு வந்த நோய்கள், குடும்பத்தில் இளவயதில் நேர்ந்த மரணங்கள், பெற்றோருக்கிடையே உள்ள இரத்த உறவு ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்து வைப்பதே குடும்ப சுகாதார வரலாறு. மருத்துவ மாணவர் நோயாளியிடம் பேசக் கற்கும்போதே இதையும் கற்கிறார். வார்டில் அனுமதிக்கப்படும் குழந்தையின் கோப்பில் இதற்கென ஓரிடம் உண்டு. வெளிநோயாளர் பிரிவுக்கு (ஓபிடி) வந்ததும் அந்த இடம் காணாமல் போகிறது. இலங்கையின் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருத்துவம் என்பதே தோட்ட மருந்தகமும் அரச வைத்தியசாலையின் ஓபிடியும்தான். அங்கே கேட்கப்படாத கேள்வி அவர்களிடம் வேறெங்கும் கேட்கப்படப்போவதில்லை.

ஓபிடியில் குடும்ப வரலாறு தேவையில்லை என்ற கருத்து மருத்துவர்களிடையேயும் நிர்வாகத்திலும் பரவலாக இருக்கிறது. அது சோம்பலில் பிறந்த கருத்து அல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு. காலை நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். ஒரு பிள்ளைக்கு ஒதுக்கக்கூடியது ஓரிரு நிமிடங்களே. வருகிறவை பெரும்பாலும் சளி, காய்ச்சல், வயிற்றோட்டம், சொறி, பூச்சி போன்றவை. இவற்றுக்கும் பாட்டனின் நோய்க்கும் தொடர்பில்லை. கேட்டாலும் தோட்டத்து மக்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மரபணுச் சோதனைக்கு வழியில்லாத இடத்தில் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. முறையாகக் கேட்பதால் பலன் உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றும் போதாது. போதாக்குறைக்கு, இரத்த உறவுத் திருமணம், வலிப்பு, காசநோய் என்று பலர் முன்னிலையில் கேட்பது குடும்பத்துக்கு அவமானம். மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது.

1. நேரம் இல்லையா? ஒரே பிள்ளையை ஒரே இருமலுக்காக ஒரு மாதத்தில் மூன்று தடவை பார்ப்பதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? குடும்ப வரலாறு ஒவ்வொரு வருகையிலும் புதிதாகக் கேட்க வேண்டியது அல்ல. ஒரு தடவை கேட்டு எழுதிவிட்டால், அடுத்த வருகைகளில் "வீட்டில் புதிதாக யாருக்காவது வருத்தமா?" என்ற ஒரு வரி போதும். பத்து நிமிடம் ஆகும் வேலையாகவே இருந்தாலும், ஐந்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளை வரும் எல்லா வருகைகளுக்கும் அதைப் பகிர்ந்து பார்த்தால் தடவைக்கு ஒரு நிமிடம்கூட வராது.

கேட்கிறவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இலங்கையில் கர்ப்பிணிப் பதிவேட்டைத் தொடங்கும்போதே குடும்பநல மருத்துவிச்சி, கணவன் மனைவிக்கு இரத்த உறவு உண்டா, குடும்பத்தில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்த நோய்கள் உண்டா என்று கேட்டு எழுதுகிறார். குழந்தை பிறப்பதற்கு முன்பே பாதி வரலாறு தயாராகிவிடுகிறது. பிரசவத்தோடு அந்தப் பதிவேட்டின் வேலை முடிகிறது. குழந்தைக்குப் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு என்ற தனிப் புத்தகம் வருகிறது. முதல் புத்தகத்தில் எழுதிய பதில்களை இரண்டாவதுக்கு மாற்றி எழுத எத்தனை நிமிடம் ஆகும்? இங்கே தட்டுப்பாடு நேரத்துக்கு இல்லை. தோட்ட மருந்தகம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, வைத்தியசாலை என்று மூன்று இடங்களில் ஒரே குடும்பம் மூன்று காகிதங்களில் சிதறிக் கிடப்பதுதான் குறை.

2. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் குடும்பம் எதற்கு? சொறிக்கு எதற்கோ, அதற்குத்தான். சொறியோடு வரும் பிள்ளையின் தாயிடம் "வீட்டில் வேறு யாருக்குக் கடிக்கிறது?" என்று கேட்காத மருத்துவர் இல்லை. ஒரே லயக் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்) ஒன்றாகப் படுக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் சொறி திரும்பி வரும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆகவே ஓபிடியில் குடும்ப வரலாறு ஏற்கெனவே கேட்கப்படுகிறது. கேள்வி தோலோடு நின்றுவிடுகிறது என்பதே குறை.

இருமலை எடுத்துக்கொள்ளலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தாத்தா இரண்டு மாதமாக இருமுகிறார். பேத்தி மூன்று வாரமாக இருமலும் எடை குறைவுமாக வருகிறாள். சிறு குழந்தைகள் சளியைக் காறித் தருவதில்லை. தந்தாலும் அதில் கிருமி தென்படுவது அரிது. எனவே குழந்தைகளின் காசநோயைக் கண்டுபிடிப்பதில், வீட்டில் யாருக்கு அந்த நோய் என்ற கேள்வி முதன்மையான சான்றுகளில் ஒன்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காசநோய்க் கிருமி தொற்றினால், தடுப்பு மருந்து கொடுக்காதபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது நோயாக மாறக்கூடும். மூளைக்காய்ச்சலாகப் பரவும் ஆபத்தும் அந்த வயதில்தான் மிக அதிகம். காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்த பின் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அந்த மருந்துக்கான வாசலே ஒரு குடும்பக் கேள்விதான்.

அடுத்து இழுப்பு. மழையும் குளிரும் விறகடுப்புப் புகையும் சேர்ந்த இந்தப் பகுதியில் சிறு பிள்ளைகளுக்கு மூச்சில் இழுப்பு வருவது சாதாரணம். அவர்களில் யாருக்கு அது சளியோடு போய்விடும், யாருக்கு ஆஸ்துமாவாக நிலைக்கும்? அமெரிக்காவில் டூசான் நகரக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து 2000ஆம் ஆண்டில் ஒரு முன்கணிப்புக் குறியீடு உருவாக்கப்பட்டது. முதல் மூன்று வயதுக்குள் அடிக்கடி இழுப்பு வரும் பிள்ளைக்கு அதன் முதன்மை அளவுகோல்கள் இரண்டே: பிள்ளைக்கு ஒவ்வாமைக் கரப்பான் இருக்கிறதா, தாய்க்கோ தந்தைக்கோ ஆஸ்துமா இருக்கிறதா. இரண்டுக்கும் ஆய்வுகூடம் வேண்டாம். இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாத பிள்ளைக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு போத்தல் அன்டிபயோட்டிக் கிடைக்கிறது. தேவையான இன்ஹேலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

காய்ச்சலும் அப்படித்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு மறுபடியும் வரும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சின்ன வயதில் அப்படி வந்திருந்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது. இதை அறிந்த மருத்துவர், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, எத்தனை நிமிடம் பார்த்து வாகனம் பிடிக்க வேண்டும் என்பதை அன்றைக்கே தாய்க்குச் சொல்லிக்கொடுக்கலாம். தகப்பனுக்கும் இப்படி வந்து, பள்ளிக்கூடம் போகும் வயதில் நின்றுவிட்டது என்று தெரிந்தால், தாயின் பயமும் பாதியாகும்.

3. "கேட்டாலும் தெரியாது" என்பது யாரைப் பற்றிய தீர்ப்பு? தோட்டத்து மக்களைப் பற்றியது என்று நினைத்துச் சொல்கிறார்கள். உண்மையில் அது கேள்வியைப் பற்றியது. பேரனைத் தூக்கிவந்த பாட்டியிடம் "குடும்பத்தில் பரம்பரை நோய் ஏதும் உண்டா?" என்று கேட்டால், "அப்படி ஒன்னும் இல்லீங்க ஐயா" என்றுதான் பதில் வரும். "அம்மா, இவனோட அப்பாவுக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்ததா?" என்று கேட்டால், "ஆமாங்க, மழைக்காலம் வந்தா ராத்திரி பூரா தூங்க மாட்டான், உக்காந்தேதான் இருப்பான்" என்று வரும். இரண்டு பதிலும் ஒரே வாயிலிருந்து வருபவை. முதலாவதைப் பதிந்துவிட்டு மக்களுக்கு அறியாமை என்று முடிவுகட்டுவது நியாயமற்றது.

மொழி இந்த அநியாயத்தைப் பெருக்குகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது. ஆனால் சிங்களம் மட்டும் பேசும் மருத்துவருக்கும் தமிழ் மட்டும் பேசும் தாய்க்கும் இடையில் இன்றும் சிற்றூழியர் ஒருவரோ வரிசையில் நிற்கும் இன்னொரு நோயாளியோதான் பல இடங்களில் பாலமாகிறார். அப்படி வந்து சேரும் குடும்ப வரலாறு மெலிந்துதான் இருக்கும். தமிழில் அச்சிட்ட ஆறு கேள்விகளை (அவை இறுதியில் வருகின்றன) வரிசையில் காத்திருக்கும்போதே தாயிடம் கொடுத்தால், அல்லது மருத்துவிச்சி வீட்டுக்கு வரும்போது வாசித்துக் காட்டிக் குறித்தால், இந்தக் குறை பெரும்பகுதி தீரும்.

குடும்பங்கள் சிதறியவை, அதனால் விவரம் தெரியாது என்ற வாதத்துக்கு மட்டும் வரலாற்றுப் பலம் உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று பங்கிட்டது; மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போக, தங்கை வட்டவளையில் தங்கிய குடும்பங்கள் ஏராளம். கடல் கடந்தவர்களின் நோயும் சாவும் பல வீடுகளுக்குக் கடிதத்தோடு நின்றுபோயின. ஆனாலும் குழந்தை மருத்துவத்துக்கு வேண்டிய விவரத்தில் பெரும்பகுதி பெற்றோர், உடன்பிறந்தோர், தாய்மாமன் என்ற சிறு வட்டத்துக்குள் இருக்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி தேடுகிற சமூகம் அந்த மாமனின் உடல்நிலையை மறந்திருக்காது. இன்று கூடலூருக்கு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுச் சொல்லவும் தயங்க மாட்டார்கள். சிதறல், கேட்டு எழுதி வைப்பதற்கான காரணம். எழுதாத நினைவுதான் ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோகும்.

4. தெரிந்து என்ன செய்வது? செய்யக்கூடியவை நிறைய, அவற்றில் பெரும்பாலானவை மரபணுச் சோதனை கேட்காதவை. வெளிறிய பிள்ளைக்கு மாதக்கணக்கில் இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. "குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி இரத்தம் ஏற்றினார்களா? வயிறு வீங்கிச் சின்ன வயதில் இறந்த பிள்ளை உண்டா?" என்ற இரண்டு கேள்விகள் தலசீமியாவின் பக்கம் பார்வையைத் திருப்பும். இலங்கையில் அந்த நோய் எல்லா இனத்தவரிடமும் காணப்படுகிறது. குருநாகலில் அதற்கென ஒரு தேசிய நிலையமே இயங்குகிறது. பெற்றோர் இருவரும் தலசீமியாக் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். முதல் பிள்ளையிடம் கேட்ட கேள்வி அடுத்த பிள்ளைக்கு முன்பே வழிகாட்டுகிறது.

தாய்மாமனுக்குச் சிறு வெட்டுக் காயத்திலும் இரத்தம் நிற்காத கதை உண்டா என்ற கேள்வி, ஆண் பிள்ளைக்கு ஹீமோபீலியா இருக்கலாம் என்று எச்சரிக்கும். தாய் அந்த மரபணுவைக் கடத்துபவராக இருந்தால் அவர் பெறும் ஆண் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு. இதைத் தெரிந்துகொண்டவர் பல் பிடுங்குவதற்கு முன், தசையில் ஊசி போடுவதற்கு முன் நிறுத்திச் சிந்திப்பார். வாய் பேசாத அண்ணன் இருக்கும் வீட்டில் பிறந்த தங்கையின் செவியை முதல் மாதங்களிலேயே சோதிக்க அனுப்பலாம். மயக்க மருந்தில் யாருக்காவது விபரீதம் நேர்ந்ததா என்ற விவரம் அறுவைச் சிகிச்சைக்கு முன் உயிர் காக்கும்.

பெரிய சோதனைகளுக்கு வசதி இல்லை என்பது குடும்ப வரலாற்றுக்கு எதிரான வாதமே அல்ல. அதற்கு ஆதரவான வாதம். கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் தாய்க்கு ஒரு நாள் பேர் (நாட்கூலி) போகிறது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் அதற்கு மேல். யாரை அனுப்ப வேண்டும், யாரை அனுப்பத் தேவையில்லை என்று பிரித்தறிய அங்கே மருத்துவரிடம் உள்ள மலிவான கருவி இந்தக் கேள்விதான். வசதி நிறைந்த நகரத்தில் இரத்தச் சோதனையே பதில் சொல்லிவிடும். வசதி குறைந்த இடத்தில் கேள்வியையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது ஊகம் மட்டுமே.

5. "சான்று இல்லை" என்ற வாதம் எல்லாவற்றிலும் கனமானது. அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. 2009 ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, ஆரம்ப சிகிச்சையில் குடும்ப வரலாற்றை முறைப்படி திரட்டுவது நோயாளிகளின் உடல்நலத்தை மேம்படுத்துகிறதா என்று ஆராய்ந்து, தீர்மானமாகச் சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த ஆய்வின் மையக் கேள்வி, பொதுவாக எல்லோரிடமும் எல்லாப் பொதுவான நோய்களுக்கும் விரிவான வரலாறு திரட்டுவது பற்றியது. சான்று போதவில்லை என்பதும் பயன் இல்லை என்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன காசநோய்த் தொடர்பு, இழுப்பு, காய்ச்சல் வலிப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் குடும்பக் கேள்வி நோயறிதலின் ஓர் உறுப்பாகவே நிலைத்திருக்கிறது. நீளமான பரம்பரை மரம் வரைவதற்கு எதிரான ஐயத்தை, ஆறு குறிப்பான கேள்விகளுக்கு எதிராகத் திருப்புவது தருக்கப் பிழை.

குடும்ப வரலாற்றுக்கு எல்லை உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹீமோபீலியா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. மாற்றம் புதிதாக ஏற்பட்டிருக்கும். ஆகவே "இல்லை" என்ற பதில் எந்தச் சந்தேகத்தையும் மூடிவிடாது. "ஆம்" என்ற பதிலே வழியைத் திறக்கிறது.

6. அவமானம் நேரும் என்பதால் கேட்காமல் விடுவதா, அவமானம் நேராதபடி கேட்பதா? "சொந்தத்துக்குள்ளேயா கட்டினீங்க?" என்று வரிசையின் காதில் விழும்படி அதட்டுவது கேள்வி அல்ல, தண்டனை. மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். பிறவிக் குறைபாட்டுக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக உள்ள 2 முதல் 3 விழுக்காடு வாய்ப்பு, அத்தகைய மணத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, அவ்வளவுதான். இந்த அளவைச் சொல்லத் தெரிந்த மருத்துவர் அதட்ட வேண்டிய தேவை இல்லை. குரலைத் தாழ்த்தி, கதவைச் சாத்தி, "எல்லோரிடமும் கேட்பதுதான்" என்ற முன்னுரையோடு கேட்டால் போதும்.

கேட்காமல் விடுவதால் பழி குறைவதும் இல்லை. நோயுள்ள பிள்ளை பிறந்தால் மாமியார் வீட்டின் விரல் முதலில் மருமகளை நோக்கித்தான் நீளும். தலசீமியா போன்ற நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் சமமாக வருவது என்று குடும்பத்தார் முன் மருத்துவர் விளக்கினால் அந்த விரல் மடங்கும். வலிப்பை மறைத்துக் கலியாணம் பேசுகிற வழக்கமும் மௌனத்தின் விளைவே. கேள்வி முறையாகவும் அன்றாடமாகவும் ஆகும்போதுதான் பதில் சொல்வது சாதாரணமாகும்.

7. குடும்ப வரலாறு பேசப்படாத இடத்தில் மரபு பற்றிய பேச்சே இல்லை என்று நினைப்பதும் தவறு. அங்கே அது மோசமான வடிவில் நடமாடுகிறது. எடையும் உயரமும் குறைந்த பிள்ளையைப் பார்த்து, "அப்பா அம்மாவும் குட்டைதானே, தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்லிவிடுவது ஓபிடியில் மிகச் சாதாரணம். இதுவும் ஒரு குடும்ப வரலாறுதான், கேட்காமலே எழுதப்பட்டது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 விழுக்காடு. தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 விழுக்காடு. இந்த இடைவெளியை இரத்தத்தின் தலையில் கட்ட முடியாது. உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்காக இந்தியா, பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆராய்ந்தபோது, நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த பிள்ளைகள் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வளர்ந்தார்கள்.

பெற்றோரின் உயரத்தை அளந்து, அவர்கள் பிள்ளைப் பருவத்தில் எப்படிச் சாப்பிட்டார்கள், தாய்க்குக் கர்ப்பத்தில் இரத்தச் சோகை இருந்ததா, முந்தைய பிள்ளைகளின் பிறப்பு எடை என்ன என்று ஒழுங்காகக் கேட்டால், குட்டையான பெற்றோரும் ஒரு காலத்தில் பட்டினி கிடந்த பிள்ளைகளே என்ற உண்மை காகிதத்தில் வந்துவிடும். குடும்பத்தில் தொடர்வது மரபணு மட்டும் அல்ல. அறையும் அடுப்பும் சம்பளமும் சாராயமும் தொடர்கின்றன. எது எது என்று பிரித்துக் காட்டுவதே முறையான குடும்ப வரலாற்றின் வேலை. அதைக் கைவிட்டவர்கள், வறுமையை விதி என்று எழுதுகிறவர்களிடம் பேனாவைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மறுப்பு இத்தோடு நிற்காமல் நடைமுறைக்கும் வர வேண்டும். ஓபிடிக்கு வேண்டியது ஆறு கேள்விகள்: வீட்டில் யாருக்காவது காசநோய் அல்லது நீண்ட நாள் இருமல் உண்டா? பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இழுப்பு, ஒவ்வாமை, வலிப்பு உண்டா? யாருக்காவது அடிக்கடி இரத்தம் ஏற்றினார்களா, இரத்தம் நிற்காமல் போனதா? குடும்பத்தில் குழந்தையாகவோ இளவயதிலோ திடீரென இறந்தவர், பிறவியிலேயே செவி, பார்வை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் உண்டா? பெற்றோர் திருமணத்துக்கு முன்பே இரத்த உறவா? பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சீனி வருத்தம், பிரஷர், இளவயது மாரடைப்பு உண்டா?

இவற்றைக் கேட்க வேண்டியவர் குடும்பநல மருத்துவிச்சி. கர்ப்பிணிப் பதிவேட்டில் உள்ள பதில்களை எடுத்து, மீதியை வீட்டில் கேட்டு நிரப்பலாம். எழுத வேண்டிய இடம் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. அது தாயின் கையில் இருப்பதால் தோட்ட மருந்தகத்துக்கும் ஓபிடிக்கும் பேராதனைக்கும் ஒன்றாகவே போகும். இரத்த உறவு, வலிப்பு போன்ற விவரங்களைச் சுருக்கக் குறியீட்டில் எழுதினால் வழியில் புரட்டுகிறவர்களுக்குப் புரியாது. தடுப்பூசி நாட்கள் விவரத்தைப் புதுப்பிக்க ஏற்றவை, ஏனெனில் புதிய நோயும் புதிய மரணமும் இடையில் சேர்ந்திருக்கும். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, பாட்டி பிள்ளையைக் கொண்டுவரும் வீடுகளில் தாய்வழி விவரத்தைத் தொலைபேசியில் கேட்டு நிரப்ப வேண்டும். ஓபிடி மருத்துவருக்கு மிஞ்சும் வேலை, பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதும் "புதிதாக யாருக்காவது வருத்தமா?" என்று கேட்பதும் மட்டுமே. அதற்கும் நேரம் இல்லை என்று சொல்லும் ஓபிடி, பிள்ளையின் நோயைப் பார்க்கவே நேரம் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.